பருத்த உடலும் பசித்த உயிரும்

(திருப்பூரில் நடைபெற்ற திங்கட்கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

    

வழக்கமாக இம்மேடையில் நான் சொல்லாராய்ச்சி பேசுவேன். இன்று சோற்றாராய்ச்சி பேச வந்திருக்கின்றேன். இது தமிழ்ப்பணிக்கு அயலான பொருள் அன்று. ஒரு மொழி வாழ்வது அதைப் பேசுகின்ற வாயில். அந்த வாய்க்கு நல்லுணவு இல்லையாயின் இனமும் தளரும், மொழியும் தளரும்.

முதற்கண் நம் சொல்வழக்கு ஒன்றைப் பார்ப்போம். வறியவனை 'எலும்பும் தோலுமாய் இருக்கிறான்' என்கின்றோம். செல்வனைக் 'கொழுத்த பணக்காரன்' என்கின்றோம். பிறர் பொருளைப் பறித்து வாழ்பவனைத் 'தின்று கொழுக்கிறான்' என்கின்றோம். மெலிவு பசிக்கு அடையாளம், பருமன் நிறைவுக்கு அடையாளம் என்னும் எண்ணம் நம் நாவில் ஊறிக் கிடக்கின்றது. பஞ்சம் வந்தால் மக்கள் மெலிந்து மாண்ட காலத்தில் அது மெய்யாகவே இருந்தது. இன்று அது முழு மெய்யாக இல்லை. ஆயினும் அவ்வழக்கு நம்மை விட்டு நீங்காமையால் ஒரு கொடுமை நாள்தோறும் நிகழ்கின்றது.

பின்னலாடைத் தொழிற்கூடத்தில் பன்னிரண்டு மணி நேரம் உழைத்து, உடல் பருத்து, மூச்சு வாங்க, முழங்கால் நோவோடு படியேறும் ஒரு பெண்ணை எண்ணிப் பாருங்கள். 'இவளுக்கென்ன குறை? நன்றாகத் தின்று கொழுத்திருக்கிறாள்' என்று ஊர் சொல்கின்றது. மெலிந்தவளுக்குக் கிடைக்கும் இரக்கங்கூட அவளுக்கு இல்லை. அவள் என்ன உண்கிறாள், எப்பொழுது உண்கிறாள், எதை உண்ண முடியாமல் விடுகிறாள் என்று கேட்பாரும் இல்லை. நான் இன்று நிறுவ விரும்புவது ஒன்றே: பருத்த உடல் நிறைந்த வாழ்வுக்குச் சான்றன்று, எத்தனையோ ஏழை வீடுகளில் அது பசியின் இன்னொரு முகம்!

சான்று கேட்பீர்கள், தருகின்றேன். நடுவணரசின் ஐந்தாம் நாடளாவிய குடும்பநல ஆய்வு 2019 முதல் 2021 வரை நடந்தது. 15 முதல் 49 அகவை வரையுள்ள தமிழ்நாட்டுப் பெண்களுள் 40.4 விழுக்காட்டினர் அளவுக்கு மிஞ்சிய எடையுடையோர் என்று அது கண்டது. 2015-16-இல் நடந்த முந்தைய ஆய்வில் அவ்வெண் 30.9. ஆடவரிடையே அது 28.2-இலிருந்து 37.0-க்கு ஏறியது. அதே ஐந்தாம் ஆய்வு, தமிழ்நாட்டுப் பெண்களுள் 53.4 விழுக்காட்டினர்க்குக் குருதிச்சோகை உண்டு என்றும் கண்டது. உயரத்திற்கேற்ற எடையின்றி மெலிந்தோரோ 12.6 விழுக்காட்டினர்தாம்.

இம்மூன்று எண்களையும் அருகருகே வைத்துப் பாருங்கள். சோகை என்பது மெலிந்தோர் நோய் மட்டுமாயின் அது நூற்றுக்குப் பதின்மூவரைத் தாண்டியிராது. ஐம்பத்து மூவரைப் பற்றியிருக்கின்றது! எனவே நூறு பெண்களுள் நாற்பதின்மர்க்குக் குறையாமல், மெலியாத உடலோடு, குருதிச்சோகையோடு நடமாடுகின்றனர். உடல் நிறைந்திருக்கின்றது, உயிர் பசித்திருக்கின்றது.

'பசி' என்பதற்கு வயிறு வெறுமையாய் இருத்தல் என்று மட்டும் பொருள்கொண்டால் இதனை விளங்கிக்கொள்ள இயலாது. 1996-இல் உரோமை நகரில் கூடிய உலக உணவு மாநாடு, உணவு உறுதி என்பதற்கு ஓர் இலக்கணம் வகுத்தது. மாந்தர் அனைவரும் எக்காலத்தும் போதிய, தீங்கற்ற, ஊட்டமிக்க உணவைப் பெறும் வாய்ப்பும் வாங்கும் ஆற்றலும் உடையராய் இருத்தலே உணவு உறுதி என்பது அதன் கருத்து. அதில் 'எக்காலத்தும்', 'ஊட்டமிக்க' என்னும் இரண்டு சொற்களையும் அழுத்திப் படியுங்கள். இன்று உண்டு, நாளை ஐயம் என்றாலும் உறுதியில்லை. வயிறு நிறையச் சோறு உண்டு, ஊட்டம் இல்லை என்றாலும் உறுதியில்லை.

இவ்வுறுதியின்மை உடலைப் பருக்க வைப்பது எவ்வாறு? நான்கு வாயில்களால்.

முதல் வாயில் பணம். ஆண்டுக்கு முப்பதாயிரங் கோடி உருபாவுக்கு மேல் பின்னலாடை ஏற்றுமதி செய்யும் ஊர் இது. ஆனால் இவ்வூர்த் தொழிலாளியின் கணக்கு காரி(சனி)க்கிழமைக்குக் காரிக்கிழமை முடிகின்ற கணக்கு. கூலி கைக்கு வந்த இரவு கடைத்தெரு நிறைகின்றது; ஞாயிறன்று கறி மணக்கின்றது. வியாழனும் வெள்ளியும் வந்தால் சோறும் இரசமும். அல்லது சோறும் ஊறுகாயும். ஏற்றுமதி ஆணை மிகுந்தால் இரவும் பகலும் வேலை. ஆணை குறைந்தால் கிழமைக்கு மூன்று நாள் வேலை. 2020 மார்ச்சுத் திங்களில் ஊரடங்கு வந்தபோது வேலை ஒரேநாளில் நின்றது. 2025 ஆகத்துத் திங்களில் அமெரிக்க அரசு இந்தியப் பொருள்கள்மீது 50 விழுக்காட்டு வரி விதித்தபோது அவ்வதிர்ச்சி இவ்வூரின் தையற்பொறி வரைக்கும் வந்தது.

நாளைக்கு உண்டோ இல்லையோ என்று அஞ்சுகின்ற வீடு எதை வாங்கும்? குறைந்த காசில் வயிற்றை அடைப்பதை வாங்கும். அரிசி, மைதா, சருக்கரை, மலிந்த எண்ணெய் இவையே ஓர் உருபாவுக்கு மிகுதியான ஆற்றலைத் தருவன. கீரையும் காயும் பழமும் பாலும் பயறும் விலை மிக்கன. அவற்றுட் பல விரைந்து கெடுவன. எனவே கையிற் காசு குறையுந்தோறும் இலையில் முதலில் மறைவது ஊட்டம். இறுதியில் மறைவது மாப்பொருள்.

1995-இல் அமெரிக்க மருத்துவர் வில்லியம் டீட்சு என்பார் ஏழகவைச் சிறுமி ஒருத்தியைப் பற்றி எழுதினார். வறிய வீட்டுப் பிள்ளை, அளவிறந்த பருமன். பசியே பருமனுக்கு ஏதுவாகுமோ என்று அவர் வினவினார். காசில்லாத நாள்களில் பசியைத் தடுக்கக் கொழுப்பு மிக்க மலிவுணவை உண்பது ஒரு வழி. விட்டுவிட்டு வரும் பற்றாக்குறைக்கு அஞ்சி உடல் தானே சேமித்துக்கொள்வது மற்றொரு வழி என்று அவர் கருதினார். நம் திருப்பூரின் வெள்ளிக்கிழமை இரவையும் ஞாயிற்றுக்கிழமை நண்பகலையும் அறிந்தவர்க்கு இது புதிராய்த் தோன்றாது.

இரண்டாம் வாயில் பொழுது. எட்டு மணி நேரம் ஒரு சிப்டு. அதன்மேல் நான்கு மணி நேரம் அரைச் சிப்டு. காலை எட்டரைக்குப் புகுந்தவர் இரவு எட்டரைக்கோ ஒன்பதுக்கோ வெளிவருவதை இவ்வூர் மக்கள் 'ஒன்றரைச் சிப்டு' என்பர். தொழிலாளி அதனை விரும்பி ஏற்பதாகவே வெளிக்குத் தோன்றும். ஒரு சிப்டுக் கூலியில் வீட்டு வாடகையும் பிள்ளையின் படிப்புச் செலவும் அடங்காதபோது, அது விருப்பமன்று, வேறு வழியின்மை. தைப்பவர் நாளெல்லாம் அமர்ந்தே இருக்கின்றார். துணியைப் பார்ப்பவரும் கைமடிப்பவரும் நின்றே இருக்கின்றார். களைப்பு மிகுதி, உடலசைவு குறைவு.

இதனிடையே நாளொன்றுக்கு நான்கு குவளைத் தேநீர். குவளைக்குப் பத்துப் பதினைந்து கிராம் சருக்கரை என்று கொண்டால் நாற்பது முதல் அறுபது கிராம். உணவிற் சேர்க்கும் சருக்கரை மொத்த ஆற்றலில் பத்திலொரு பங்கினும் குறைய வேண்டும், அதாவது ஏறத்தாழ 50 கிராமுக்குள் அடங்க வேண்டும், அதிலும் பாதியாயின் நன்று என்று உலக நலவாழ்வு நிறுவனம் 2015-இல் கூறியது. தேநீர் மட்டுமே அவ்வெல்லையைத் தொட்டுவிடுகின்றது. தேநீரோடு ஒரு பன், ஒரு போண்டா. இரவு வீடு சேர்ந்தபின் அடுப்பு மூட்ட உடலில் வலுவில்லையாயின் தெருமுனைக் கடையின் புரோட்டா. அந்தச் சருக்கரையை நாவின் ஆசை என்று இகழாதீர்கள். விழாமல் நிற்பதற்கு அவள் பற்றிக்கொண்ட ஊன்றுகோல் அது! தூக்கம் குறைந்தால் பசி மிகும், இனிப்பிலும் எண்ணெயிலும் நாட்டம் மிகும் என்பதும் மருத்துவர் கண்ட உண்மை.

மூன்றாம் வாயில் பண்டம். இன்று மலிவாய்க் கிடைப்பனவற்றுட் பல அடுக்களையில் ஆக்கியன அல்ல, ஆலையில் ஆக்கியன. என் வகுப்புப் பிள்ளைகளுட் சிலர் காலையுணவின்றி, கையில் ஐந்து உருபாயோடு வருகின்றனர். பெற்றோர் இருவரும் விடியலிலேயே வேலைக்குக் கிளம்பிய வீடுகள் அவை. அந்த ஐந்து உருபா ஒரு வண்ணப் பொட்டலமாய் மாறுகின்றது. அதில் உப்பும் எண்ணெயும் மாவும் உண்டு. பிள்ளை வளர வேண்டிய புரதம் அரிது. 2019-இல் அமெரிக்க அரசின் நலவாழ்வு ஆய்வு நிறுவனத்தில் கெவின் ஆல் என்பார் இருபதின்மரை ஆய்வுக்கூடத்தில் தங்கவைத்து, இரண்டு கிழமை ஆலைப்பண்ட உணவும், இரண்டு கிழமை இயல்பான உணவும் அளித்தார். வேண்டுமளவு உண்ணலாம். ஆலைப்பண்டம் உண்ட நாள்களில் அவர்கள் நாளொன்றுக்கு ஏறத்தாழ 500 கலோரி மிகுதியாய் உண்டனர். இரண்டு கிழமையில் ஏறத்தாழ ஒரு கிலோ எடை கூடினர். அதே மாந்தர், அதே மனவுறுதி. மாறியது பண்டம் ஒன்றுதான்.

நான்காம் வாயில் கருப்பை. இரண்டாம் உலகப்போரின் இறுதிக் குளிர்காலத்தில், 1944-45-இல், நெதர்லாந்தின் மேற்குப் பகுதி கடும் பட்டினியில் வீழ்ந்தது. அப்பட்டினியின்போது கருவின் முற்பகுதியைக் கடந்தவர்கள் பத்தொன்பது அகவை இளைஞராய் வளர்ந்தபின் ஆராய்ந்தபொழுது, அவர்களிடையே பருமன் மிகுந்திருந்தமை 1976-இல் வெளிப்பட்டது. நம் நாட்டில் புனே நகர மருத்துவர் யாக்னிக்கும் அவர் குழுவினரும் 2003-இல் வெளியிட்ட ஆய்வில், புனேப் பகுதிக் குழந்தைகள் பிறக்கையில் ஏறத்தாழ 2.7 கிலோவும், இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டன் குழந்தைகள் 3.5 கிலோவும் இருந்தன என்றனர். நம் குழந்தைக்குத் தசை குறைந்திருந்தது; கொழுப்போ அவ்வளவு குறையவில்லை. மெலிந்து பிறந்த உடல் கொழுப்பைக் காத்துக்கொண்டு பிறக்கின்றது. அவ்வுடல் பின்னாளில் மாப்பொருளும் சருக்கரையும் மிக்க உணவைச் சந்தித்தால் நீரிழிவுக்கு விரைந்து ஆளாகின்றது. தாயின் பசி மகளின் பருமனாய் வெளிப்படுகின்றது.

உண்ண உண்ணத் தீராத பசியைத் தமிழன் முன்பே எண்ணிப் பார்த்திருக்கின்றான். மணிமேகலையைப் படித்தவர்கள் காயசண்டிகையை மறக்கமாட்டார்கள். முனிவன் ஒருவன் இட்ட சாவத்தால் 'யானைத்தீ' என்னும் பெரும்பசி நோய்க்கு ஆளானவள் அவள். எத்துணை உண்டாலும் அவள் பசி அடங்கவில்லை. பன்னீராண்டு அலைந்தவளுக்கு, மணிமேகலை அமுதசுரபியிலிருந்து இட்ட ஒரு பிடி சோறு பசியைத் தீர்த்தது. அக்காப்பியத்தை ஆக்கிய சாத்தனார் கூலவாணிகர். கூலமாவது தவச வகை. அளவால் தீராத பசியும் உண்டு, உணவின் தகுதியால் தீர்கின்ற பசியும் உண்டு என்று அக்கதையை நான் இன்று படித்துக்கொள்கின்றேன்.

இனிப் பங்கீட்டுக் கடைக்கு வருவோம். தமிழ்நாட்டின் பங்கீட்டு முறை இந்தியாவிற் சிறந்தவற்றுள் ஒன்று என்பதில் எனக்கு ஐயமில்லை. 2008-இல் கிலோ ஓர் உருபாவுக்கு அரிசி. 2011 சூன் முதல் விலையில்லா அரிசி. பட்டினிச் சாவைத் தடுத்த அறம் அது. அதனைக் குறைகூறுவோர் வரிசையில் நான் நிற்கவில்லை. ஆனால் ஒரு கணக்கை மட்டும் உங்கள்முன் வைக்கின்றேன். நால்வர் உள்ள குடும்பத்திற்குத் திங்களுக்கு ஒரு கிலோ துவரம்பருப்பு. ஆளுக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 8 கிராம். ஒருவர்க்கு அரைக்கிலோவாக அதே குடும்பத்திற்கு இரண்டு கிலோ சருக்கரை. ஆளுக்கு நாளொன்றுக்கு 16 கிராமுக்கு மேல். பருப்பைப் போல இரு மடங்கு சருக்கரை! அதனோடு பாமாயில் எனப்படும் செம்பனை எண்ணெய் ஒரு லிட்டர். வளர்ந்தவர்க்கு நாளொன்றுக்கு 80 கிராமுக்கு மேல் பருப்பும் பயறும் வேண்டும் என்பது நாட்டு ஊட்டவியல் நிறுவனம் 2024-இல் வெளியிட்ட உணவு நெறி. பங்கீட்டுக் கடை தருவது அதில் பத்திலொரு பங்கு. எஞ்சியதை வெளிக்கடையில் வாங்க இயலாத வீட்டில் சோற்றின் அளவு ஏறும், குழம்பு நீர்க்கும்.

அந்த நீர்த்த குழம்பும் யாருக்கு முதலில்? கணவனுக்கும் பிள்ளைக்கும் முட்டையையும் மீனையும் இட்டுவிட்டு, எஞ்சிய சோற்றைக் குழம்புச் சட்டியில் பிசைந்து உண்பவள் தாய். பெண்ணின் பருமனும் பெண்ணின் சோகையும் ஒரே வட்டிலிலிருந்து பிறக்கின்றன.

இக்கொங்கு மண் அரிசி மண்ணாக மட்டும் இருந்ததில்லை. கம்பும் சோளமும் கேழ்வரகும் கொள்ளும் மானாவாரியில் விளைந்த நிலம் இது. கம்பஞ்சோறும் சோளச்சோறும் கேழ்வரகுக் களியும் கொள்ளுப்பருப்பும் மோரும் உழவர் வீட்டின் அன்றாட உணவு. கேழ்வரகில் நூறு கிராமுக்கு 300 மில்லிகிராமுக்கு மேல் எலும்புக்கு உரமான சுண்ணம் உண்டு. தீட்டிய அரிசியில் அதில் சிறு பங்குகூட இல்லை. கொள்ளில் நூற்றுக்கு இருபது பங்குக்கு மேல் புரதம். அவ்வுணவு ஏழையின் உணவு என்று இழிக்கப்பட்டது. வெள்ளைச் சோறு உயர்வின் அடையாளம் ஆயிற்று. மறுபுறம் நொய்யலாறு சாயக்கழிவால் கெட்டது. 1992-இல் பாசனத்திற்கெனத் திறந்த ஒரத்துப்பாளையம் அணை கழிவுநீர்த் தேக்கமாயிற்று. 2011 சனவரியில் சென்னை உயர்நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூட ஆணையிடும் அளவுக்கு அக்கேடு முற்றியது. ஆற்றங்கரையில் தவசமும் காயும் விளைவித்த குடும்பங்களுட் பல பின்னலாடைக் கூடத்தின் வாயிலில் வேலைக்கு நின்றன. விளைத்து உண்டவர் வாங்கி உண்பவர் ஆனார்.

இங்கே இரண்டு தடைகளை எழுப்புவர். 'பருமன் செல்வர் வீட்டில்தானே மிகுதி?' என்பது முதல் தடை. ஆம், இந்நாட்டில் இன்றும் செல்வரிடையேதான் அது மிகுதி. அதனை மறைத்துப் பேசுதல் நேர்மையாகாது. ஆனால் அது செல்வர் வீட்டு வாயிலோடு நின்றுவிடவில்லை. மேலை நாடுகளில் வறிய பெண்களிடையே பருமன் மிகுந்துவிட்டது. அவ்வழியில் நாமும் சென்றுகொண்டிருக்கின்றோம். செல்வனுக்குப் பருமன் வந்தால் மருத்துவமும் ஓய்வும் நற்பண்டமும் கூடவே வரும். ஏழைக்கு வந்தால் பழிச்சொல் மட்டும் வரும்.

'அளவோடு உண்டால் தீர்ந்தது' என்பது இரண்டாம் தடை. திருக்குறளின் 'மருந்து' அதிகாரம் பெரும்பகுதியும் உணவின் அளவையும் பொருத்தத்தையும் பற்றியே பேசுகின்றது. அந்நெறி பொன்னானது. ஆனால் அறிந்து தேர்ந்து உண்க என்னும் அறிவுரை, தேர்வதற்குப் பல பண்டம் உடையவனுக்கே முழுதும் பயன்படும். வட்டிலில் ஒன்றே இருப்பவளிடம் தேர்ந்து உண்க என்பது அறிவுரையன்று, எள்ளல்.

ஆகவே செய்ய வேண்டுவன யாவை?

ஒன்று, பங்கீட்டுக் கடையில் பருப்பின் அளவு உயர வேண்டும். சிறுதவசம் சேர வேண்டும். 2023 மே முதல் நீலமலை, தருமபுரி மாவட்டங்களில் அட்டைக்கு இரண்டு கிலோ கேழ்வரகு தரும் திட்டம் தொடங்கியது. கம்பும் சோளமும் கொள்ளும் விளைந்த திருப்பூர் மாவட்டத்திற்கும் அது வேண்டும். நம் பள்ளி உணவே இதற்கு வழிகாட்டி. 1982-இல் ம.கோ.இரா. ஆட்சியில் விரிந்த சத்துணவுத் திட்டம் வயிற்றை நிறைத்தது. பின்னர் முட்டை சேர்ந்தது. 2010-இல் கிழமைக்கு ஐந்து முட்டையாயிற்று. 2022-இல் தொடக்கப்பள்ளிப் பிள்ளைகளுக்குக் காலையுணவும் வந்தது. வயிற்றை நிறைத்தலிலிருந்து ஊட்டுதலுக்குப் பள்ளி முன்னேறியது. பங்கீட்டுக் கடையும் அவ்வழியில் முன்னேறட்டும்.

இரண்டு, தொழிற்கூடத்தின் உணவு. 250-க்கு மேற்பட்டோர் உழைக்கும் தொழிற்சாலையில் உணவகம் வேண்டும் என்றது 1948-ஆம் ஆண்டுச் சட்டம். 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த புதிய தொழிற்சட்டத் தொகுப்பு அவ்வெண்ணை 100 ஆக்கியுள்ளது. பன்னும் போண்டாவும் வரும் தட்டில் சுண்டலும் நிலக்கடலையும், சருக்கரைத் தேநீர் வரும் குவளையில் மோரும் கம்பங்கூழும் வருவதற்குப் பெரும் முதல் வேண்டா, மனம் வேண்டும்.

மூன்று, எட்டு மணி நேர உழைப்புக்கு வாழத்தக்க கூலி. இவ்வூர்த் தொழிலாளர் 1984-இல் 127 நாள் வேலைநிறுத்தம் செய்தது எதற்காக? 'பஞ்சப்படி'க்காக! அச்சொல்லை எண்ணிப் பாருங்கள். படி என்பது தவசம் அளக்கும் அளவை; பஞ்சத்தில் வாடாதிருக்க அளந்து கொடுப்பது பஞ்சப்படி. கூலியும் கூழும் ஒன்றோடொன்று பிணைந்தவை என்பதை அத்தொழிலாளர் நன்கறிந்திருந்தனர். பொழுதும் ஓர் உணவுப் பொருளே, தோழர்களே! சமைக்கவும் அமர்ந்து உண்ணவும் உறங்கவும் பொழுதில்லாதவனுக்கு எந்த அறிவுரையும் பயன்படாது.

நான்கு, நம் வீட்டில். தாய்க்கும் அதே நேரத்தில், அதே முட்டை, அதே காய். ஆண்டுக்கு ஒருமுறையேனும் இடுப்பளவையும் குருதியையும் ஆய்ந்து பாருங்கள். பெண்ணுக்கு 80, ஆடவனுக்கு 90 செண்டிமீட்டர் இடுப்பளவு நம்மவர்க்கு எச்சரிக்கை எல்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, 'தின்று கொழுத்தவள்' என்னும் சொல்லை இன்றோடு நாவிலிருந்து களையுங்கள்.

முடிவாக ஓர் இலக்கணக் குறிப்பு. 'உண்' என்பது தன்வினை. 'ஊட்டு' என்பது பிறவினை. உண்பவர் தாமே உண்பர். ஊட்டுதற்கோ மற்றொருவர் வேண்டும். 'ஊட்டம்' என்னும் சொல் ஊட்டு என்பதிலிருந்து பிறந்தது. எனவே ஊட்டமின்மை உண்பவளின் குற்றமாகாது. ஊட்ட வேண்டியவர் தவறிய குற்றம். அரசும் ஆலையும் குடும்பமும் நாமுமே ஊட்ட வேண்டியவர். உலகுக்கு உடுத்தும் ஊர் இது. உடுத்துகின்ற கைகளுக்கு ஊட்டுகின்ற ஊராகவும் இது ஆகட்டும்!